கூடம் கோணலா? அளந்துதான் பார்ப்போமே!



"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று ஒரு பழமொழி உண்டு. சி.என்.சி. லேபில் ஜாப் கெட்டுப் போனால் நாமும் அதைத்தான் சொல்கிறோம். "மெஷின் சரியில்ல சார்!" என்போம். சாரும் சிரித்துக்கொண்டே இந்தப் பழமொழியைச் சொல்லிவிட்டு அடுத்த பேட்சைக் கூப்பிடுவார்.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால்? ஆடினவளும் அளந்து பார்க்கவில்லை, கேலி செய்தவர்களும் அளந்து பார்க்கவில்லையே! இந்த ஆண்டு மலரில் அதைப் பற்றி நாலு வார்த்தை எழுத ஆசைப்படுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம்.

போன வருடம் மில்லிங் பிராக்டிகலில் நமக்குக் கொடுத்த ஜாப் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அலுமினியத் துண்டில் 3 மி.மீ. ஆழத்துக்கு ஒரு சதுரக் குழி. என் புரோகிராம் சரி. சிமுலேஷன் சரி. ஓடும்போது திரையில் இசட் -3.000 என்று பளிச்சென்று காட்டியது. ஜாபைக் கழற்றி டெப்த் வெர்னியரில் அளந்தால், ஒரு மூலையில் 3.04. எதிர் மூலையில் 2.86!

நான் என்ன செய்தேன்? ரெக்கார்டு நோட்டில் நாலு மூலைக்கும் 3.00, 3.00, 3.00, 3.00 என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். பக்கத்து டேபிளை எட்டிப் பார்த்தேன். அங்கேயும் நாலு 3.00! எல்லோருக்கும் மார்க் விழுந்தது.

நண்பர்களே, அந்த நாலு 3.00-மும் பொய். அன்றைக்கு அது எனக்குப் பொய்யாகவே தெரியவில்லை என்பதுதான் கொடுமை.

அம்மா தோண்டிப் பார்த்தாள்

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். கரிசல் காடு, மானாவாரி மக்காச்சோளம். வெர்னியர் என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஒரு புரட்டாசியில் டிராக்டர் விதைக்கருவி வைத்து விதை போட்டோம். எட்டாம் நாள் போய்ப் பார்த்தால் சில சாலில் முளைப்பு, சில சாலில் வெறும் மண். அப்பாவுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "கம்பெனிக்காரன் சொத்தை விதையைக் குடுத்து ஏமாத்திட்டான்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குச் சண்டைக்குக் கிளம்பினார்.

அம்மா, "செத்த இருங்க" என்று சொல்லிவிட்டுக் குத்த வைத்து உட்கார்ந்து விரலால் மண்ணைத் தோண்டினாள். முளைத்த சாலில் விதை இரண்டு விரற்கடை ஆழத்தில் இருந்தது. முளைக்காத சாலில் நாலு விரற்கடைக்கும் கீழே கிடந்தது. அப்புறம் எழுந்து நின்று சாலை எண்ணினாள். அஞ்சுக்கு ஒரு சால் வீதம் முளைக்கவில்லை. "வெதைல கோளாறு இல்லீங்க. கருவில ஒரு கொழு எறங்கி ஓடியிருக்கு" என்றாள். டிராக்டர் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினால், அந்த ஒரு கொழுவுக்கு மட்டும் போல்ட் லூஸ்!

அம்மா நாலாவது வரைதான் படித்தவள். ஆனால் அவள் செய்த மூன்று காரியங்களைக் கவனியுங்கள். யார் மேலும் முதலில் பழி போடவில்லை. கோளாறு இருந்த இடத்திலேயே கை வைத்து அளந்தாள். எந்த ஒழுங்கில் கோளாறு வருகிறது என்று எண்ணிப் பார்த்தாள். நாம் சி.என்.சி.யில் செய்ய வேண்டியதும் இதே மூன்றுதான்!

துவாக்குடியில் படித்த பாடம்

அம்மாவிடம் பார்த்ததை மெஷினோடு சேர்த்துப் பார்க்க எனக்கு இன்னொரு அடி தேவைப்பட்டது. அது சென்ற கோடை விடுமுறையில் கிடைத்தது. துவாக்குடி பக்கம், திருச்சி பெல் தொழிற்சாலையை ஒட்டி வளர்ந்த பட்டறைகள் நிறைந்த பகுதியில், ஒரு சின்னப் பட்டறைக்கு ட்ரெயினிங் போனேன்.

40 இரும்புத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் 5 மி.மீ. ஆழத்துக்கு ஒரு ஸ்லாட். கூடக் குறைய 0.05 வரை போகலாம். காலையில் 5.00, 5.01 என்று அருமையாக வந்தது. பத்து மணிக்கு மேல் 5.04, அப்புறம் 5.07. செட்டர் அண்ணன் வெளியே போயிருந்தார். நான் லேபில் கற்ற வித்தையைக் காட்டினேன். ஜி54 ஆஃப்செட்டில் இசட்டை 0.10 ஏற்றிவிட்டேன். அடுத்த பீஸ் 4.98! "அடேயப்பா, நாமும் செட்டர் ஆகிவிட்டோம்" என்று மனதுக்குள் ஒரே சந்தோஷம். தைரியமாக அளக்காமலே பீஸ்களை மாற்றி மாற்றி மாட்டினேன்.

அண்ணன் வந்து அளந்தார். ஆழம் மறுபடியும் கூடியிருந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை, கட்டரைப் பார்த்தார். காலையில் காலெட் நட்டுக்கு ஒட்டினாற்போல் எண்ட் மில்லின் தண்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார். இப்போது கோட்டுக்கு மேலே மயிரிழை அளவு பளபளப்பு தெரிந்தது.

"தம்பி, கட்டர் கீழ எறங்கிட்டு இருக்கு."

எண்ட் மில்லின் பல் திருகாணி மாதிரி சுற்றிப் போகிறது அல்லவா? வெட்டும்போது அது தன்னைத் தானே கீழே இழுக்கும். காலெட் தேய்ந்திருந்தாலோ உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ பிடி நழுவி மெல்ல மெல்ல வெளியே வரும். அண்ணன் காலெட்டை மாற்றி, துடைத்து, இறுக்கி, டூல் நீளத்தைப் புதிதாக எடுத்து ஓட்டினார். இப்போது 4.90! அடுத்ததும் 4.90! அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஜி54-ல் நான் ஏற்றின 0.10 அங்கேயே உட்கார்ந்திருந்தது. பயத்தில் வாயைத் திறக்கவில்லை. நாலு பீஸ் போன பிறகுதான் சொன்னேன்.

"ஆஃப்செட்டை மாத்தினது கூடப் பரவால்ல தம்பி. மாத்தினதைச் சொல்லாம விட்ட பாரு, அதான் தப்பு" என்றார். திட்டவில்லை. ஆழம் குறைந்த நாலையும் திரும்ப வெட்டிச் சரி செய்தார். ஆழம் கூடிப்போன ஏழு ஸ்கிராப்புக்குப் போனது. வெட்டினதை ஒட்டவா முடியும்? அந்த ஏழின் விலையை என் அப்பாவின் கூலி நாட்களாகக் கணக்குப் பண்ணிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் மாத்திரை போட்டு அமுக்குவது போலத்தான், காரணம் பார்க்காமல் ஆஃப்செட் மாற்றுவது. ரெக்கார்டில் 3.00 எழுதிய அதே கைதான் ஜி54-ஐயும் மாற்றியது!

திரை யாருடைய சாட்சி?

"திரையில் -3.000 காட்டுதே, அப்புறம் எப்படி ஆழம் மாறும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஓட்டைப் போட்ட காகித நாடாவில் எண்களைக் கொடுத்து ஒரு மில்லிங் மெஷினை ஓட்டிக் காட்டினார்கள். அன்றிலிருந்து இன்று வரை அடிப்படை ஒன்றுதான். நாம் ஒரு பூஜ்யத்தைச் சொல்கிறோம். மெஷின் அங்கிருந்து எண்ணுகிறது. நம் ஜாபின் மேல்பரப்பு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதற்குக் கண் இல்லை நண்பர்களே!

இன்னொன்று. நம் லேபில் இருப்பது போன்ற பல மெஷின்களில், சர்வோ மோட்டாரின் பின்னால் இருக்கும் என்கோடர் மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்றுதான் எண்ணும். மோட்டாருக்கும் பால் ஸ்குருவுக்கும் நடுவில் உள்ள கப்ளிங் வழுக்கினால் கூட, திரையில் -3.000 என்றே வரும். ஆக, திரை சொல்வது மோட்டாரின் சாட்சி. வெட்டுப்பட்ட ஜாபின் சாட்சி அல்ல. அந்தச் சாட்சியை நாம்தான் டெப்த் வெர்னியர் வைத்துக் கேட்க வேண்டும்.

கோணலின் ஜாடை

ஆழம் மாறுகிறது என்றால் எப்படி மாறுகிறது என்பதுதான் முதல் கேள்வி. அம்மா சாலை எண்ணினது மாதிரி! அண்ணனிடம் ஒரு மாதம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

ஒன்று: ஒரே ஜாபில் ஒரு பக்கம் ஆழம், எதிர்ப்பக்கம் மேடு, நடுவில் ஒரே சீரான சரிவு. ஜாப் சரியாக உட்காரவில்லை. பேரலலுக்கு அடியில் துருவல் கிடக்கலாம்; ஜாபின் ஓரத்தில் பிசிறு இருக்கலாம்; வைஸை இறுக்கும்போது அசையும் தாடை ஜாபைத் தூக்கியிருக்கலாம். ஜாபை மாற்றி மாட்டியும் சரிவு அதே பக்கம் இருந்தால் வைஸையோ மெஷின் தலையின் நேர்க்குத்தையோ சந்தேகப்பட வேண்டும்.

இரண்டு: ஒவ்வொரு ஜாபும் தனக்குள் சீராக இருக்கிறது, ஆனால் ஜாபுக்கு ஜாப் ஆழம் வேறு. மாட்டும் விதம் மாறுகிறது, அல்லது மூலப்பொருளின் உயரமே ஒன்றுக்கொன்று மாறுகிறது. மேல்பரப்பை ஒரு முறை சீவிவிட்டு ஆரம்பித்தால் பாதிப் பிரச்னை தீரும்.

மூன்று: ஆழம் ஒரே திசையில் கூடிக்கொண்டே போகிறது. கட்டர் இறங்குகிறதா பாருங்கள். ஒரு மார்க்கர் கோடு போதும்!

நான்கு: காலையில் ஒரு மாதிரி, ஒன்றிரண்டு மணி நேரம் ஓடிய பிறகு நிலையாகிவிடுகிறது. அது சூடு. எஃகு ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரி சூடு ஏறினால் சுமார் 11, 12 மைக்ரான் நீளும். 300 மி.மீ. நீளமுள்ள ஸ்பிண்டில் 10 டிகிரி சூடானால் சுமார் 0.035 மி.மீ. கீழே வரும். நம் ஊர்ச் சித்திரை வெயிலைக் கேட்கவே வேண்டாம். கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு வேலையை ஆரம்பிப்பது சோம்பேறித்தனம் அல்ல, முறை.

ஐந்து: ஒரு டூல் மட்டும் மொத்தமாக மாறி வெட்டுகிறது. எச் நம்பரைப் பாருங்கள். 2-ம் டூலுக்கு 3-ம் டூலின் நீளத்தைக் கொடுத்திருப்போம். பேப்பர் வைத்துத் தொட்டு எடுத்துவிட்டு, பேப்பரின் பருமனைக் கழிக்க மறந்தாலும் கிட்டத்தட்ட 0.1 போய்விடும்.

ஆறு: எந்த ஒழுங்கும் இல்லாமல் கண்டபடி மாறுகிறது. அப்போதுதான் கப்ளிங், பால் ஸ்குரு, பேரிங் என்று மெஷினுக்குள் போக வேண்டும். கடைசியாக! நாமோ இதைத்தான் முதலில் சொல்கிறோம்.

பத்து நிமிஷத்தில் தீர்ப்பு

சரி, மெஷின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. எப்படித் தீர்ப்பது? ஒரு டயல் கேஜ், ஒரு காந்த ஸ்டாண்டு. ஸ்டாண்டை மேசையில் வையுங்கள். ஸ்பிண்டில் மூக்கு டயலைத் தொடும்படி இசட்டை இறக்கி முள்ளைப் பூஜ்யத்தில் வையுங்கள். 50 மி.மீ. மேலே அனுப்பி அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டு வாருங்கள். இப்படிப் பத்து முறை. பத்து முறையும் முள் 0.01-க்குள் வந்து நின்றால் கூடம் நேர். நம் ஆட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். முள் கண்டபடி நின்றால் கூடம் கோணல். ஆடினவளைக் கேலி செய்யக் கூடாது! வெட்டும்போது வரும் லோடும் சூடும் இந்தச் சோதனையில் தெரியாது என்பது உண்மைதான். ஆனாலும் வீண் பழி பாதி குறைந்துவிடும்.

"ஒரு 3.00 எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று என் நண்பன் கேட்டான். அவனுக்காக ஒரு பெரிய இடத்துக் கதை சொல்கிறேன்.

1990 ஏப்ரலில் ஹபிள் தொலைநோக்கியை விண்ணுக்கு அனுப்பினார்கள். படம் மங்கலாக வந்தது. 2.4 மீட்டர் அகலமுள்ள அதன் பெரிய கண்ணாடி, விளிம்பில் சுமார் 2.2 மைக்ரான் தப்பான ஆழத்துக்குத் தேய்க்கப்பட்டிருந்தது. தேய்த்த மெஷின் மேல் குற்றமில்லை. அளக்கும் கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. இடம் தவறி மாட்டப்பட்டிருந்தது. அந்தத் தப்பான கருவி சொன்னபடி, கண்ணாடியை மிகத் துல்லியமாகத் தப்பாகத் தேய்த்துவிட்டார்கள்! இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறு. வேறு இரண்டு சோதனைக் கருவிகள் "இது சரியில்லை" என்று முன்னாலேயே காட்டின. அவை அவ்வளவு துல்லியமானவை அல்ல என்று சொல்லி அந்த ரீடிங்கை ஒதுக்கிவிட்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் மேலே போய்த்தான் சரி செய்ய வேண்டியிருந்தது. பிடிக்காத ரீடிங்கை ஒதுக்கும் பழக்கம் ரெக்கார்டு நோட்டில் ஆரம்பித்து எங்கே போய் நிற்கிறது பாருங்கள்!

நமக்கு ஏன் இது?

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயில் ஏற அரியலூர் போக வேண்டும். அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரி போகும். சிமெண்ட் ஆலைகள் உண்டு. படித்தவன் வேலைக்கு ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போகிறான். இப்போது கொஞ்சம் மாற்றம் தெரிகிறது. எறையூருக்கு சிப்காட் பூங்கா வந்தது. 2024-ல் ஜெயங்கொண்டத்தில் காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஷூவின் அடிப்பாகத்தை வார்க்கும் அச்சை வெட்டுவதும் சி.என்.சி. மில்லிங்தான். அச்சில் ஆழம் தவறினால் அது ஒரு ஜோடியோடு போகாது. அந்த அச்சில் வரும் எல்லா ஜோடிக்கும் போகும்.

பட்டறையில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. ஜாபை மாட்டி சைக்கிள் ஸ்டார்ட்டை அமுக்குகிறவர் ஒருவர். ஆழம் ஏன் மாறியது என்று சொல்லத் தெரிந்த செட்டர் இன்னொருவர். சம்பளத்திலும் வித்தியாசம், மரியாதையிலும் வித்தியாசம். பரம்பரையாகப் பட்டறை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு மாமாவோ சித்தப்பாவோ இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நமக்கு லேபை விட்டால் வேறு இடம் ஏது? அந்த லேபிலும் நாம் 3.00 எழுதினால், ஏமாறுவது சார் அல்ல, நாம்தான்!

"மூணு மணி நேரம், ஒரு மெஷின், ஒரு கூட்டம் பசங்க. இதில் எங்கே காரணம் தேடுவது? ரீடிங் தப்பா இருந்தா மார்க் போயிடுமே" என்று சொல்வீர்கள். உண்மை. ஆசிரியர்களும் அதே நெருக்கடியில்தான் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அதனால்தான் நம் மாணவர் பேரவை நிர்வாகத்திடம் மூன்றே மூன்று வேண்டுகோளை எடுத்துச் செல்ல வேண்டும் என்கிறேன். மெஷின் பக்கத்திலேயே ஒரு டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் வைக்க வேண்டும். மெஷினில் ஒரு நோட்டு தொங்கவிட வேண்டும். யார் எந்த ஆஃப்செட்டை எப்போது, ஏன் மாற்றினாலும் அதில் எழுத வேண்டும். ரெக்கார்டில் உள்ளபடியே ரீடிங் எழுதி, தப்புக்குக் காரணமும் எழுதுகிறவனுக்கு மார்க் குறைக்கக் கூடாது. முடிந்தால் ஒரு மார்க் கூடவே கொடுக்கலாம்!

கடைசியாக ஒரு விஷயம். ட்ரெயினிங் முடிந்து வந்ததும் சாரிடம் அனுமதி கேட்டு டயல் சோதனை செய்து பார்த்தேன். பத்து முறையும் முள் 0.01-க்குள் நின்றது. கூடம் நேர்! பெட்டிக்குள் கிடந்த என் பழைய ஜாபைத் தேடி எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். 3.04 வந்த மூலைக்கு நேர் அடியில், ஒரு துருவல் பதிந்த தழும்பு அப்படியே இருந்தது. அன்றைக்கே ஜாபைத் திருப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான்தான் பார்க்கவில்லை.

ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து ஆகிவிட்டது. இனி திருத்த முடியாது. எனவே திருத்தத்தை இந்த மலரில் எழுதுகிறேன்.

குழியின் ஆழம், நாலு மூலையிலும்: 3.04, 2.94, 2.86, 2.96. காரணம்: பேரலலைத் துடைக்காமல் ஜாபை மாட்டியது.



- இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை